குளிர்மலை வெள்ளை வைன்: அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது?

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மே மாதம் பிளம்ஸ் குவிந்து கிடக்கும். பாதி பச்சையாக இருக்கும் காய் ஒன்றையும் நன்றாகச் சிவந்த பழம் ஒன்றையும் அடுத்தடுத்துக் கடித்துப் பாருங்கள். காயில் பல் கூசும். பழத்தில் அந்தக் கூச்சம் பெரும்பாலும் போய், தோலோரம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். காயில் இருந்த புளிப்பு எங்கே போயிற்று? சர்க்கரை ஏறி மறைத்தது ஒரு பங்கு. இன்னொரு பங்கைப் பழமே எரித்துத் தீர்த்துவிட்டது.

கடலோர மலைத் தோட்டத்து வெள்ளை வைனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எலுமிச்சை மணம், பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த கல் என்று பலதும் சொல்வார்கள். புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவருக்கு அதெல்லாம் பிறகு. முதலில் பிடிக்க வேண்டியது, பழுத்த பிறகும் புளிப்பு மிஞ்சி நிற்கும் திராட்சை எப்படி உண்டாகிறது என்பதைத்தான். சர்க்கரை ஏறியிருக்க வேண்டும், மணம் கூடியிருக்க வேண்டும், அதற்குள் புளிப்பு இறங்கிவிடக் கூடாது. இந்த மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவரும் இடங்கள் உலகத்தில் குறைவு.

திராட்சையில் புளிப்பு இரண்டு வகை. ஒன்று டார்டாரிக் அமிலம். குழம்புக்குக் கரைக்கும் புளியில் இருப்பதும் இதுதான். மற்றது மாலிக் அமிலம். காய்ப் பிளம்ஸிலும் பச்சை ஆப்பிளிலும் பல்லைக் கூசவைப்பது இது. காய் பருக்கும் வாரங்களில் இரண்டும் சேர்ந்து ஏறும். பிறகு ஒரு நாள், கல் போலிருந்த காய் விரலுக்கு இளகும். பச்சைத் தோலில் லேசாக வெளிச்சம் ஊடுருவும். அன்றிலிருந்து சர்க்கரை உள்ளே வந்து இறங்க, மாலிக் அமிலம் குறையத் தொடங்கும்.

குறைவதற்குக் காரணம் மூச்சு. செடியில் தொங்கும் பழமும் மூச்சு விடுகிறது. பழுக்கும் பருவத்தில் அதற்கு எரிபொருளாக மாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்கிறது. சூடு கூடக் கூட அந்த மூச்சு வேகமாகும். பகலில் வெயில் அடித்தாலும் இரவு 10, 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால் இராமுழுக்க எரிப்பு மந்தமாகிவிடும். இரவும் 24 டிகிரியில் நின்றால் நாள் முழுக்க அடுப்பு எரிகிற கணக்கு. டார்டாரிக் அமிலம் அவ்வளவு சுலபத்தில் எரியாது. அதனால் சூடான ஊர்த் திராட்சையில் புளியின் புளிப்பு ஓரளவு நிற்கும், பிளம்ஸின் புளிப்பு ஏறக்குறைய காலியாகிவிடும்.

எண்ணில் சொன்னால், குளிர்ந்த தோட்டத்தில் அறுவடையன்று சாற்றில் லிட்டருக்கு 7 முதல் 9 கிராம் அமிலமும், 3.1 முதல் 3.3 வரை பிஹெச்சும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இருப்பது வழக்கம். சூடான இடத்தில் அதே அளவு சர்க்கரை ஏறும்போது அமிலம் 4, 5 கிராமுக்கு இறங்கி, பிஹெச் 3.6-ஐத் தாண்டிவிடக் கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் பழுக்கும் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கருந்திராட்சை அது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். தின்பதற்கு அந்த இனிப்பும் மெல்லிய புளிப்பும் அருமை. வெள்ளை வைனுக்கு எடுக்கும் திராட்சையில் அதைவிட நிறையவே புளிப்பு வேண்டும்.

மணத்துக்கும் இதே கணக்கு. நீலகிரியில் டிசம்பர், ஜனவரிப் பனியில் கிள்ளும் தேயிலைக்குத் தனி மணம் இருப்பதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். கொழுந்து மெதுவாக வளர்வதே காரணம். திராட்சையும் அப்படித்தான். சூடான இடத்தில் பூவிலிருந்து அறுவடைக்குச் சுமார் 100 நாள் என்றால், குளிர்ந்த இடத்தில் 110 முதல் 130 நாள் பிடிக்கும். சர்க்கரை அவசரமாக ஏறாததால், மணம் கூடுவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

மலை செய்வது, கடல் செய்வது

மலை செய்வதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு சரிவில் மண் ஆழம் குறைவு, தண்ணீர் நிற்காது. கொடி இலையாகக் கொழுக்காமல் அடங்கி வளரும். பழம் சிறுத்து, சாறு செறிவாகும். சரிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அது தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழியும். ஊட்டிப் பக்கம் உறைபனி பள்ளத்துப் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருக்க, மேட்டுத் தேயிலை தப்பித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால்தான் திராட்சையைப் பள்ளத்தின் அடியில் நடுவதில்லை. துளிர் விடும் வாரத்தில் ஒரே ஓர் உறைபனி இரவு வந்தால் அந்த ஆண்டு மகசூலே போய்விடும்.

கடல் விஷயம் நமக்குக் கொஞ்சம் புதிது. நம் வங்காள விரிகுடா வெதுவெதுப்பானது; கடற்கரை ஊர்களில் அதனால் குளிர்ச்சி வராது, புழுக்கம்தான் வரும். கலிபோர்னியாவின் பசிபிக் கரையில் நிலைமை வேறு. வடக்கிலிருந்து வரும் நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலே எழும் குளிர்ந்த நீரும் சேர்ந்து, கோடையிலும் கடலை 10 முதல் 15 டிகிரியில் வைத்திருக்கின்றன. அந்த நீர்மேல் படியும் காற்று மூடுபனியாகித் திரண்டு, உள்நாடு சூடாகும்போது மலை இடுக்குகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. மாலையில் நுழைந்து, இரவெல்லாம் தங்கி, மறுநாள் முற்பகலில் கலைகிறது. தென்னாப்பிரிக்காவின் எல்கின் பகுதியும் இந்த வகைதான்: கடலுக்கு அருகே இருக்கும் மேட்டுநிலம், ஆப்பிளுக்கும் பேரிக்கும் பேர்போன இடம், இப்போது ஷார்டனே, சோவினியான் பிளாங்க் திராட்சைகளுக்கும்.

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலையை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் பசிபிக், மறுபுறம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. அந்தத் திராட்சைப் பகுதியின் எல்லையே உயரத்தை வைத்துத்தான் வகுக்கப்பட்டது: கடல் பக்கம் 400 அடிக்கு மேல், உள்பக்கம் 800 அடிக்கு மேல். அங்கே தோட்டம் போடுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, மூடுபனியின் மேல்விளிம்பு எந்த உயரத்தில் நிற்கும் என்பது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நாம் வெயிலில் நிற்க, காலுக்குக் கீழே மேகம் பரந்து கிடக்கும் காலைகள் உண்டல்லவா? அங்கேயும் அதே காட்சிதான். விளிம்புக்குக் கீழே இருக்கும் தோட்டம் ஈரமும் குளிருமாக இருக்கும். பழம் தாமதமாகும், பூஞ்சணம் தொற்றும். விளிம்புக்கு மேலே வெயில் கிடைக்கும், காற்று உலர்ந்திருக்கும், இரவுகூட கீழ்ப் பள்ளத்தைவிடக் கொஞ்சம் இதமாக இருக்கும். ஒரே மலை, நூறு மீட்டர் வித்தியாசம், அறுவடை ஒன்றிரண்டு வாரம் முன்பின்னாகும். சின்னத் தோட்டங்களின் வைன் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நம் மலையும் குளிர்தானே?

மலைவாசிகள் உடனே கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1944இல் கலிபோர்னியாவின் அமரீன், விங்க்ளர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முறை வகுத்தார்கள். திராட்சைக் கொடி 10 டிகிரிக்குக் கீழே அநேகமாக வளராது. ஆகவே ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10-ஐக் கழித்து, வளரும் பருவமான ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 214 நாளுக்கும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை சுமார் 1,390-க்குள் அடங்கினால் அது மிகக் குளிர்ந்த முதல் வகைப் பகுதி. கொடைக்கானலில் சராசரி 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 5 பெருக்கல் 214, அதாவது 1,070. தாராளமாக முதல் வகை.

இருந்தும் ஷார்டனே தோட்டம் அங்கே ஏன் செழிக்காது? அந்தக் கூட்டல் கணக்கு மழையைப் பார்ப்பதில்லை. கலிபோர்னியக் கரையிலும் தென்னாப்பிரிக்காவின் மேற்கு முனையிலும் மழை குளிர்காலத்தில் பெய்து ஓய்ந்துவிடும். கொடி பூத்துக் காய்த்துப் பழுக்கும் மாதங்கள் வறண்டு கிடக்கும். நமக்கு வறண்ட, வெயிலடிக்கும், இரவு குளிரும் மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. பழுக்க அருமையான காலம். மார்ச் நடுவில் அறுவடை என்று வைத்து 120 நாள் பின்னோக்கி எண்ணுங்கள், நவம்பர் நடுவில் வந்து நிற்பீர்கள். கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். அப்போது கொடி பூத்தால் மழையில் மகரந்தம் கழுவப்பட்டுக் காய்ப்பிடிப்பு கெடும். 15 டிகிரிக்குக் கீழே பூவே சரியாக விரியாது. அடிச்சாம்பல் நோய் இலையில் ஏறும். அதையும் தாண்டினால் டிசம்பர், ஜனவரி உறைபனி. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்க வேண்டிய கொடி, இங்கே ஆண்டு முழுக்க ஒரே மாதிரிக் குளிரில் முழுதாக உறங்கவும் செய்யாது. மொட்டுகள் ஒன்று இன்றைக்கும் ஒன்று மூன்று வாரம் கழித்தும் துளிர்க்கும். ஒரே கொடியில் காயும் பழமும் கலந்திருக்கும்.

நாசிக் பக்கத்தில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே உயரம் 600 மீட்டர்தான். ஆண்டுக்கு இரண்டு கவாத்து. செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாவது கவாத்தில் பழத்துக்கான துளிரை எழுப்பி, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை செய்கிறார்கள். உயரம் தராத குளிர்ச்சியை நாட்காட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பழுக்கும் வாரங்களில் இரவு குளிர வேண்டும், வானம் வெளுத்திருக்க வேண்டும். குளிர்ப் பிரதேச வைன் என்ற சொல்லின் பொருள் இவ்வளவுதான். ஆண்டுச் சராசரி பாதி விஷயத்தைத்தான் சொல்லும்.

எப்போது பறிப்பது

அறுவடைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே பழம் எடுத்துச் சோதிப்பார்கள். தோட்டம் முழுக்க நடந்து 100 பழம் பொறுக்க வேண்டும். வரிசையின் இரண்டு பக்கமும், குலையின் மேலிருந்தும் அடியிலிருந்தும், ஒரு கொடிக்கு ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்காமல். வரிசை முனைக் கொடிகளைத் தொடக் கூடாது. அவற்றுக்கு வெயில் அதிகம். எல்லோரும் செய்யும் தவறு, கண்ணுக்கு அழகான பழமாகப் பார்த்து எடுப்பது. அப்படி எடுத்தால் சர்க்கரை உண்மையைவிட 1, 2 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) கூடுதலாகக் காட்டும், ஒரு வாரம் முந்திப் பறித்துவிடுவார்கள்.

பழங்களைப் பையில் போட்டுக் கையால் நசுக்கி, சாற்றை வடிகட்டி, ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சர்க்கரை அளக்கும் கருவியில் விட்டால் பிரிக்ஸ் தெரியும். 22 பிரிக்ஸ் என்றால் வைனில் ஏறக்குறைய 12.5 முதல் 13 சதவீதம் ஆல்கஹால் வரும். அமிலத்துக்கு 10 மில்லி சாறு எடுத்து, 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் 8.2 வந்ததும் நிறுத்த வேண்டும். செலவான மில்லியை 0.75-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் அமிலம் என்று கிடைக்கும். 10.5 மில்லி பிடித்தால் 7.9 கிராம். கருவி இருக்கிறதே என்று நாக்கை விட்டுவிடக் கூடாது. விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாகக் கசந்தால் இன்னும் நாள் இருக்கிறது, பழுப்பாகி மொறுமொறுத்தால் நேரம் வந்துவிட்டது.

பறிப்பது விடியலுக்கு முன், நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு. பழம் 10 டிகிரியில் வைன் கூடத்துக்கு வந்து சேர்ந்தால் குளிரூட்டும் செலவும் மிச்சம், சாறு கறுத்துப்போவதும் குறையும். ஆழமான கூடையில் குவித்தால் அடியில் இருப்பது நசுங்கி அங்கேயே நொதிக்கத் தொடங்கும். 10, 15 கிலோ கொள்ளும் தாழ்வான கிரேட்தான் சரி. சிறிய மலைத் தோட்டத்தில் கொடிக்கு 2 கிலோ கிடைப்பதே நிறைவு. அது சுமார் 1.2 லிட்டர் சாறு, அதாவது ஒன்றரை பாட்டில். விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

கூடத்துக்குள்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது உரிமம் உள்ள கூடங்களில் நடக்கும் வேலை.

சிவப்பு வைனுக்குத் தோலோடு நொதிக்கவிடுவார்கள். வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். காம்போடு முழுக் குலையை அழுத்தியில் போட்டு மெதுவாக அழுத்துவது நல்லது. காம்புகளுக்கிடையே சாறு வழிய வழி கிடைக்கும். அவசரப்பட்டு இறுக்கினால் தோலும் விதையும் நசுங்கிக் கசப்பு இறங்கும், பிஹெச்சும் ஏறும்; அதனால் கடைசி அழுத்தத்துச் சாற்றைத் தனியாகவே பிடிப்பார்கள். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்த்து, 10 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்த சாற்றை மட்டும் வேறு டேங்குக்கு மாற்ற வேண்டும். கண்ணாடி போல முழுக்கத் தெளிய வைப்பதும் தவறு. ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்து அந்த லேசான கலங்கலில் இருக்கிறது.

ஈஸ்ட் லிட்டருக்கு 0.2 முதல் 0.25 கிராம். 37 முதல் 40 டிகிரி வெந்நீரில் 15, 20 நிமிடம் ஊறவைத்து, குளிர்ந்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்து பழக்கிய பிறகே டேங்கில் விட வேண்டும். சூடான ஈஸ்ட்டை நேராக 12 டிகிரிச் சாற்றில் கொட்டினால் பாதி செத்துவிடும். நொதிப்பு 12 முதல் 18 டிகிரிக்குள் நடந்தால், நாளுக்கு 1, 2 பிரிக்ஸ் வீதம் இறங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடியும். 22, 24 டிகிரிக்குப் போனால் நுரையோடு மணமும் வெளியேறிவிடும். கூடமெல்லாம் வாசனையாக இருக்கும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதவில்லை என்று பொருள். அல்லது சாம்பல் நோய்க்கு அடித்த கந்தகத் தூள் பழத்தில் மிஞ்சியிருக்கும். அதனால்தான் கந்தகத்தை அறுவடைக்கு ஐந்தாறு வாரம் முன்பே நிறுத்துவது நல்ல வழக்கம்.

நொதித்து முடிந்ததும் பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டும். ஓயினோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் என்றால் தயிரின் புளிப்பு. காய்ப் பிளம்ஸின் கூர்மை தயிரின் மென்மையாகிறது. கூடவே டைஅசிட்டைல் உண்டாகி வெண்ணெய் மணமும் வரும். லிட்டருக்கு 9 கிராம் அமிலம் உள்ள ஷார்டனேக்கு இது வரம். ஓக் பீப்பாயில் மண்டியோடு சில மாதம் வைத்துக் கிளறிவிட்டால் நாக்கில் தடிப்பாக நிற்கும். ரீஸ்லிங், அல்பரீன்யோ போன்ற வெள்ளைத் திராட்சை ரகங்களில் அந்தக் கூர்மைதான் அழகு. அங்கே சல்ஃபர் சேர்த்து, குளிரவைத்து, பாக்டீரியாவைத் தடுத்துவிடுவார்கள். பாதி டேங்கை மாற்றி, பாதியை அப்படியே வைத்துப் பிறகு கலப்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அது, வெண்ணெயும் எலுமிச்சையும் ஒன்றையொன்று அமுக்காமல் இருப்பதால்.

குறைந்த பிஹெச்சால் இன்னொரு லாபம் உண்டு, பலரும் இதைச் சொல்வதில்லை. வைனைக் கெடாமல் காக்கும் சல்ஃபர் டை ஆக்ஸைடு, புளிப்பான திரவத்தில்தான் வீரியமாக வேலை செய்யும். பிஹெச் 3.2 என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தனிச் சல்ஃபர், அதாவது வைனில் வேறெதோடும் பிணையாமல் நிற்கும் சல்ஃபர் டை ஆக்ஸைடு, போதும். 3.6 ஆனால் அதே பாதுகாப்புக்கு 50 மில்லிகிராம் வேண்டும். மலை காத்துக்கொடுத்த புளிப்பு மருந்தையும் பாதிக்குமேல் குறைக்கிறது.

பாட்டில் அடியில் சில நேரம் கண்ணாடித் துகள் மாதிரி ஏதோ மின்னும். பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம். டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாவது அது. புளியின் புளிப்பு உப்பாக உறைந்த உருவம். பெரிய ஆலைகள் வைனை மைனஸ் 4 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்து, படிகங்களை முன்பே வடித்துவிடும். சின்னக் கூடங்களில் அந்தக் குளிர்பதன வசதி எப்போதும் இருப்பதில்லை. பாட்டிலை அசைக்காமல் ஊற்றி, கடைசி ஒரு வாயை விட்டுவிட்டால் போதும்.

ஊற்றும்போது 8 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருந்ததை அப்படியே ஊற்றினால் புளிப்பு மட்டும் குத்தும், மணம் எழாது. 20 நிமிடம் வெளியே வையுங்கள். ஊட்டியில் ஜனவரி மாலை என்றால் ஃபிரிட்ஜே வேண்டாம். வராந்தாவில் வைத்தாலே சரியாக வந்து நிற்கும். ஒரு வாய் குடித்து விழுங்கியதும் நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு அதில் இருக்கிறது. பக்கத்தில் சூடான ஊர் வைன் ஒரு கிளாஸ் இருந்தால், இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் ஊறல் சட்டென்று நின்றுவிடும். மற்றதில் நின்றபாடில்லாமல் ஊறிக்கொண்டே இருக்கும்.